திரும்பி வராத மெயில்

ஓய்வுபெற்ற ஊழியர் பெயருக்கு வரும் மின்னஞ்சல்களை, அனுப்பியவருக்குத் திருப்பாமல், சத்தமில்லாமல் அழிக்கும்படி கல்லூரி சர்வரை அமைக்கச் சொன்னவன், அப்போது அங்கே முதல்வராக இருந்த நான். குப்பை அதிகம் என்று காரணம் சொன்னேன்.

போன மாதம் சிதம்பரம் பேருந்தில் முன் இருக்கையில் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர்கள் இருவர் பேசினார்கள்.

"சவுதி வேலைக்கு என் சர்டிபிகேட் சரிதான்னு காலேஜ் எழுதித் தரணும் மச்சான். கிளார்க் மாமாவுக்கு மூணு மெயில் போட்டேன்."

"ஆபீசுக்கே போட வேண்டியதுதானே?"

"ஆபீசுல வேற யாரத் தெரியும்? மெயிலு திரும்பியும் வரல. படிச்சிட்டுதான் கம்முனு இருக்காரு. எம்மேல என்ன கோவமோ!"

மாணவர்கள் மாமா என்று அழைத்த அந்தக் கிளார்க் எனக்கு முன்பே ஓய்வுபெற்றவர். அவர் பெயருக்கு வந்ததெல்லாம் என்னால் அழிந்ததைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. இறங்கியதும் கல்லூரிக்குப் போய், ஓய்வுபெற்றவர் முகவரிகளுக்கு வருவதெல்லாம் அழியாமல் ஒரே பெட்டியில் சேரும்படி மாற்றச் சொன்னேன். தினமும் நானே போய்ப் படிக்கிறேன்.

நான்காம் நாள் கிளார்க் பெயருக்கு, பேருந்தில் பேசிய அவன் மெயில் வந்தது: "மாமா, வேலை வேற ஆளுக்குப் போயிடுச்சு. பரவால்ல. ஒங்களுக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?"