ஹெல்மி நூர்மியும் குன்றுத் தெருவின் ஒன்பது மரங்களும்

மேடையில் அமர்ந்திருக்கும் நகரத் தலைவர் ரூத் ஹாலம் அவர்களே, கூடத்தைத் திறந்து அடுப்பையும் மூட்டி வைத்த மீனவர் சங்கத்தாரே, முன்வரிசையில் கைகளைக் கோத்தபடி அமர்ந்திருக்கும் ஹெல்மியின் சகோதரர் டோய்வோ நூர்மி அவர்களே, குன்றுத் தெருவிலிருந்து நனைந்துகொண்டே வந்திருக்கும் வீட்டுக்காரர்களே, கார்வர் முனை மக்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்ல, மரம் ஏறுகிறவன். என் முட்டிகள் வலிக்காத காலத்திலிருந்து ஹெல்மி நூர்மி அம்மையாரோடு வேலை செய்தேன். அவர் மேலே தொங்கினால் கீழே கயிற்றைப் பிடித்தவன் நான். நான் மேலே தொங்கினால் கீழே பிடித்தவர் அவர். ஒருவர் உயிரை மற்றவர் கையில் கொடுத்துப் பிழைத்தோம். அந்தக் கை இன்று இல்லை. இல்லை என்று சொல்லத்தான் என்னை மேடையேற்றியிருக்கிறீர்கள். எப்படிச் சொல்வேன்!

ஆனால் அழுதுவிட்டு இறங்க எனக்கு நேரமில்லை. நாளைக் காலை ரம்பங்கள் வருகின்றன. குன்றுத் தெருவின் ஒன்பது கிழட்டு ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரங்களையும் அடியோடு சாய்க்க உத்தரவு ஆகிவிட்டது. ஏன்? "அந்தம்மா காப்பாத்துன மரமே அந்தம்மாவைக் கொன்னுடுச்சு" என்று ரொட்டிக் கடை வாசலில் பேசுகிறார்கள். நான் காதால் கேட்டேன். ஹெல்மிக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, அவர் வாழ்நாளெல்லாம் பேணியதை அவர் பெயராலேயே வெட்டப் போகிறோம். இரங்கல் கூட்டத்தில் இதைப் பேசலாமா என்று சிலர் முணுமுணுக்கிறீர்கள். இங்கே பேசாமல் வேறெங்கே பேசுவது?

யார் இந்த ஹெல்மி? மரப்பைத்தியமா? லோர்னா பெக் அம்மாவைக் கேளுங்கள். மேப்பிள் மரத்தில் பாசி படர்ந்திருக்கிறது, மரம் செத்துவிடும் என்று பயந்து, படகு கழுவுகிற தண்ணீர்ப் பம்பை வைத்துப் பீய்ச்சியடித்தார் லோர்னா. பாசியோடு பட்டையும் உரிந்து வந்துவிட்டது. ஹெல்மி வந்து பார்த்தார். "ஏம்மா லோர்னா, இது மரமா, உங்க வீட்டுக் காரா? இந்தப் பனியில பாசி வராத மரம் செத்த மரம். பாசி மேல உட்கார்ந்திருக்கு, அவ்வளவுதான். அது மரத்தைத் தின்னல, நீங்கதான் தின்னுட்டீங்க" என்றார். சிரிக்கிறீர்களே லோர்னா, அன்று அழுதீர்கள்! அந்த மேப்பிள் இன்றும் நிற்கிறது.

அழகாக இருக்கிறதென்று அடிமரத்தைச் சுற்றி மரச்சிராயைக் குவித்து வைப்பது நம் ஊர்ப் பழக்கம். ஹெல்மி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மண்டியிட்டு அதைக் கையால் விலக்குவார். "கழுத்து வரைக்கும் ஈரத் துணியைச் சுத்திக்கிட்டு ஒரு குளிர்காலம் இருந்து பாருங்க, உங்களுக்கும் அழுகும்" என்பார். விலக்கிய பிறகு ரப்பர்ச் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிக் காதை வைத்துக் கேட்பார். வெற்றொலி வந்தால் முகம் மாறிவிடும். போதகர் எய்னார் வீட்டு மரத்தில் அப்படித்தான் மாறியது. அடியில் பாதி மாவாகிப் போயிருந்தது. வெட்டவேண்டும் என்றார். போதகர் கண்கலங்கினார். "அழுங்க போதகரே, தாராளமா அழுங்க. ஆனா அந்த வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு அழுங்க, மரம் இந்தப் பக்கம் விழும்" என்றார். ஆம், வெட்டவேண்டியதை வெட்டிய கைதான் அது. எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்று அந்தக் கைக்குத் தெரியும்.

மேசைமேல் சாக்குத்துணியால் மூடியிருப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள். இதோ, எடுக்கிறேன். ஹெல்மிமேல் விழுந்த கொம்பின் அடிப்பகுதி இது.

யாரும் எழுந்து போகவேண்டாம். டோய்வோவிடம் கேட்டுத்தான் கொண்டுவந்தேன்.

பாருங்கள். என் தொடை அளவு பருமன். ஆனால் மரத்தோடு ஒட்டியிருந்தது இந்த மேல்தோல் மட்டும்தான். உள்ளே கறுத்த மாவு, விரலை விட்டால் உதிர்கிறது. இது மரத்தின் சொந்தக் கொம்பா? இல்லை! கடல் தெரியவேண்டும் என்று என்றோ மரத்தின் தலையை மொட்டையடித்தோமே, அந்த மொட்டையிலிருந்து வெடித்துக் கிளம்பிய கொம்பு. வெட்டுவாயில் மழை இறங்கும். நம் பனியில் அது காயவே காயாது. மேலே கொம்பு கொழுக்கும், கீழே ஒட்டு அழுகும். மரம் கொல்லவில்லை ஐயா, மொட்டை கொன்றது! குன்றுத் தெருவில் கடலுக்காக மரத்தை மொட்டையடிக்காத வீடு எது? கை தூக்குங்கள், பார்ப்போம்.

ஒரு கையும் இல்லை.

அந்தக் கொம்புகளை ஆண்டுக்குக் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரவேண்டும், அதுதான் ஹெல்மியின் வேலை. "வயசான உடம்புக்கு எல்லா ஆபரேஷனையும் ஒரே நாள்ல பண்ணுவாங்களா?" என்பார். ஒன்பதில் எட்டு மரங்களில் அந்த வேலை நடந்தது. ஒன்றில் நடக்கவில்லை. அது யார் வீட்டு மரம் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஹெல்மி எந்த முற்றத்தில் விழுந்தார் என்பதும் தெரியும். அவர் அந்த முற்றத்துக்குள் ஏன் ஓடினார் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாது.

முதல் மழை ஓய்ந்த காலை அது. தென்மேற்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டி குன்றுத் தெருவில் திரும்பியதும் ஹெல்மி மேலே பார்த்தார். "ரோரி, நிறுத்து. அந்தக் கொம்பு வாயைப் பொளந்துடுச்சு" என்றார். வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினார். தலைக்கவசம் இருக்கையிலேயே கிடந்தது. மரத்தைக் கட்டிப்பிடிக்கவா ஓடினார்? இந்த ஊரில் அப்படியும் ஒரு பேச்சு இருக்கிறது. பேசியவர் இங்கே இருந்தால், தயவுசெய்து என் முகத்தைப் பார்க்கவேண்டாம்.

ஏன் ஓடினார் என்று அறிந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் நான். மற்றவர் இந்தக் கூடத்தில் இருக்கிறார். நான் சொல்லிவிடலாம். சொல்லிவிடவேண்டும் என்று வருகிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். ஆனால் ஹெல்மிக்கு ஒரு விதி உண்டு. மரத்துக்காரரை நாலு பேர் முன்னால் ஒருநாளும் திட்டமாட்டார். நான் கத்தினால் என்னை அடக்குவார். "நீ திட்டிட்டுப் போயிடுவ ரோரி. அடுத்த தடவை அவர் கதவைத் திறக்கலன்னா மரத்துக்கு யாரு?" என்பார். அந்த விதிமேல் எனக்கு இப்போதும் கோபம்தான். ஆனாலும் அவருடைய கூட்டத்தில் அதை மீறமாட்டேன். அறிந்த அந்த இன்னொருவர் பேசினால் பேசட்டும். பேசாவிட்டால் நான் இறங்கிவிடுகிறேன், நாளை ரம்பம் வரட்டும்.

...

கிளைட். கிளைட் ப்ராட்டன், உட்காரவேண்டாம். சொல்லுங்கள். யாரும் அவரைத் தடுக்காதீர்கள்.

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்கிறார்கள். இவர் சொன்னதை அப்படியே நான் திருப்பிச் சொல்கிறேன். "கடல் தெரியணும்னு மரத்தை மொட்டையடிச்சவன் நான். அப்புறம் கீழ புது வீட்டுக்காரன் என் வீட்டைப் பார்த்துப் பெரிய ஜன்னலா வெச்சான். கொம்பு வளர்ந்து அவன் பார்வையை மறைச்சுது, அதனால அதை இறக்கவும் விடல. ஹெல்மி ஒவ்வொரு வருஷமும் வந்து கதவைத் தட்டுனா. வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே இல்லாத மாதிரி இருந்தேன். அன்னைக்கு மரத்தடியில உட்கார்ந்து நண்டு பிடிக்கிற கூடு பின்னிக்கிட்டிருந்தேன். எனக்குக் காது மந்தம். அந்தக் காத்துல அவ கத்துனது கேட்கல. ஓடி வந்து என்னைப் பிடிச்சுத் தள்ளுனா. நான் எழுந்து பார்க்கும்போது நான் உட்கார்ந்திருந்த இடத்துல அவ கிடந்தா."

டோய்வோ... எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்காருகிறீர்கள். சரி. எனக்கு இன்னும் அந்த அளவு மனம் வரவில்லை. உங்களுக்கு வருகிறது.

இன்னும் ஏதோ சொல்கிறார். "வாசல் கதவு இனிமே இல்ல. நேத்தே கழட்டிட்டேன்."

கேட்டீர்களா கார்வர் முனை மக்களே! ஹெல்மி மரத்துக்காகச் சாகவில்லை. ஒரு மனிதருக்காகச் செத்தார். அந்த ஒன்பது மரங்களும் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து காற்றைத் தடுக்கின்றன. வேர்கள் பின்னிக்கொண்டு, ஊறிப்போன குன்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. நாளை அவற்றைச் சாய்த்தால் அடுத்த மழைக்கு யார் வீடு சரியும்? எந்த மனிதரைத் தள்ளிவிட ஹெல்மி ஓடி வருவார்?

தலைவர் அவர்கள் எழுந்திருக்கிறார்கள். நாளை ரம்பம் வராது என்கிறார்கள். குளிர்காலம் முடியும்வரை அவகாசம் தருகிறார்கள். தலைவணங்குகிறேன்.

ஹெல்மி நூர்மி அம்மையாரே! நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். சிராயை விலக்குவேன், தட்டிக் கேட்பேன், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். அழுகியது எதுவோ அதை வெட்டவும் தயங்கமாட்டேன். நாளை விடிந்ததும் கதவில்லாத அந்த வாசல் வழியாக நுழைந்து, கிளைடின் மரத்தில் ஏறுவேன். மீதிக் கொம்புகள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன, காத்திருக்க முடியாது.

ஆனால் தனியாக ஏற முடியாதே. கீழே கயிற்றைப் பிடிக்க ஒருவர் வேண்டும். கிளைட், நீங்கள் ஆயுள் முழுவதும் கடலில் கயிறு இழுத்தவர். அந்தக் கைகள் பிழைக்கத்தான் ஹெல்மி தன் உயிரைக் கொடுத்தார். நாளை என் உயிரை அவற்றில் கொடுக்கிறேன். பிடித்துக்கொள்ளுங்கள்.