விலை கூடின அரிசி

சிங்கப்பூர் தேக்காவில் ஏறிய இரண்டு பெண்கள் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் மடியில் ஐந்து கிலோ பொன்னி அரிசிப் பை.

"வீட்ல ஆறு மூட்டை அரிசி இருக்கு. அதான் இதை வாங்குனேன்," என்றார்.

"புரியலக்கா."

"இந்தியா அரிசி ஏற்றுமதியை நிறுத்துனப்ப அடிச்சுப் புடிச்சு வாங்குனேன்லா. குண்டு விழுந்தா ஒளிஞ்சுக்க வீட்டுக்குள்ள கட்டிக் குடுத்த பாம் ஷெல்டர் பூரா அந்த மூட்டைதான். இப்ப விலை இறங்கிடுச்சு. அவ்வளவு விலை குடுத்து வாங்குனதை ஆக்கித் திங்க மனசு வருமா?"

"வண்டு வந்துடாதாக்கா?"

"வந்துடுச்சு. வாராவாரம் புடைக்கிறேன்."

"அப்ப விலை ஏறுனா அதைச் சாப்பிடுவீங்களா?"

"ஏறுறப்பவா? அப்ப இன்னும் வாங்கி வைக்கணும்லா!"

இளையவர் இரண்டு நிறுத்தம் வரை யோசித்தார்.

"அக்கா, இதை எந்தக் கடையில வாங்குனீங்க?"