கார் மேல் நிற்பவரின் புகார்

ஹலோ, மான் புகார் பிரிவு, சொல்லுங்க...

ஆமா... ஆமா... மெதுவா சார், மூச்சு விட்டுப் பேசுங்க... முட்ட வருதா? நீங்க எங்க இருக்கீங்க?... கார் மேலயா! உள்ள ஏறி உக்கார வேண்டியதுதானே?... சாவி வீட்டுக்குள்ள. சரி, சரி. அட்ரஸ்?...

மூணாவது குறுக்குத் தெரு, மூலை வீடு, பச்சை கேட்டு... அடடே! குடியிருப்போர் சங்கத் தலைவரா! நீங்களா சார்!

குரல் தெரியலையா? போன வருஷம் உங்க கேட்டு முன்னாடி தகரத்தைத் தட்டி மானை விரட்டினேனே, அந்தக் கல்நெஞ்சக்காரி. என் மேல கொடுத்த மனுவுல நீங்க எழுதின வார்த்தைதான் சார். தெருவே கையெழுத்துப் போட்டுச்சு. பன்னெண்டு வருஷம் மானோட சுத்தினவளைத் தூக்கி இந்த ஃபோன் முன்னாடி உக்கார வச்சுட்டாங்க. வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் உக்காந்திருக்கேன்.

...கத்தாதீங்க. படிவத்துல இருக்கறதைக் கேட்டுத்தான் ஆகணும். மானுக்கு யாராவது தீனி போட்டாங்களா?... இல்லையா? அப்போ தினம் கையில ரொட்டி வச்சு ஊட்டி, படம் பிடிச்சுப் போட்டது உங்க ஆவியா?... ஆங், அப்படி வாங்க வழிக்கு. எத்தனை நாளா?... ரெண்டு வருஷம். பலே!

படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டீங்களா? இப்போ கொம்பு முளைச்சு, ஜோடி தேடற காலம். உங்களைப் பாத்து அது ஏன் பயப்படும்? போட்டிக்கு வந்த இன்னொரு ஆண் மான்னு நினைக்குது. நல்லா அனுபவிங்க.

...கதவு நசுங்குதா? நசுங்கட்டும்.

...யாரு, உங்க வீட்டம்மாவா?... முட்டி ஆபரேஷனா... ஆட்டோல வந்துக்கிட்டு இருக்காங்களா? அய்யய்யோ, அவங்களுக்கு ஃபோன் போடுங்க சார் முதல்ல!... வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாங்களா? எவ்வளவு நேரத்துல... பத்து நிமிஷமா! இருங்க, வச்சுடாதீங்க, கால்நடை டாக்டர் இங்கதான் இருக்கார்.

டாக்டரே! வண்டியை எடுங்க! மூணாவது குறுக்குத் தெரு, பச்சை கேட்டு. ஆட்டோ வந்தா வெளியவே நிறுத்துங்க, அந்தம்மாவைக் கீழ இறங்க விடாதீங்க. ஓடுங்க, ஓடுங்க!

...கிளம்பிட்டாங்க சார். அஞ்சே நிமிஷம். அழாதீங்க. உங்க மேல இருக்கற கோவத்தை அந்தம்மா மேலயா காட்டுவேன்?

ஆனா உங்களை விடறதா இல்லை. கடைசிக் கேள்வி பாக்கி.

...இல்லை சார், காட்டுல கொண்டுபோய் விட மாட்டாங்க. மனுஷன் கையில தின்னு, மனுஷனையே முட்ட வந்தது, எங்க விட்டாலும் இன்னொரு வீட்டு வாசலுக்குத்தான் வரும். ஊசிதான்... மயக்க ஊசி இல்லை... ஆமா. அதேதான்.

...என்கிட்ட கெஞ்சி என்ன ஆகும்? நான் முடிவு பண்ற விஷயம் இல்லை. தாக்குச்சுன்னு புகார் கொடுக்கறவர் வாயால சொல்லணும், பதிவாகும். இல்லைன்னு சொன்னா டாக்டர் விரட்டிட்டு வந்துடுவார். நாளைக்கும் அந்தம்மா அதே வாசல்ல நொண்டி நொண்டி நடக்கணும்.

நான் அதைக் கொல்றதுக்கா விரட்டினேன்? உயிரோட இருக்கட்டும்னு விரட்டினேன் சார். அது நிக்கக்கூட முடியாத குட்டியா இருந்தப்பவே பாத்தவ நான்.

சொல்லுங்க. இந்த மான் ஆளைத் தாக்குச்சா?

...கேக்கலை. சத்தமா.

...சரி. ஆமான்னு எழுதிக்கிட்டேன். வைக்கறேன்.