முனகும் மண்டபம்

— வெளியே வாடி தனக்கோடி! டச்சுக்காரங்க கோட்டை துபாஷி கூப்பிடறேன், காது கேக்கல?

— எப்பிடிக் கேக்கும் சுப்பராயலு ஐயா? இந்த புத்தர் மண்டபத்துல ஒருத்தி முனகினா நூறு பேரு முனகறாப்பல கீது. ம்ம்ம்ம்...

— நிறுத்து! மண்டைய குடையுது.

— துறவிங்க கூடி ஓதறதுக்குன்னே வட்டமா கட்டினது. மெதுவா சொன்னாலும் சுவரு வாங்கிப் பெருசாக்கி ஏரி மேல தள்ளும். பனிமூட்டத்துல எங்க ஆளுங்களுக்கு இதான் வழி. கடைசித் தோணி கரையேர்ற வரைக்கும் ஒரு பொம்பள உள்ள முனகிக்கினே இருக்கணும். குப்பத்து வழக்கம்.

— வழக்கம் இன்னியோட சரி, புரியுதா? கோட்டைக் கப்பித்தான் வெடிமருந்தோட தோணில பின்னாலயே வர்றார். மண்டபத்தத் தகர்த்து, செங்கல்ல கோட்டை மதிலுக்கு அள்ளப் போறோம்.

— நான் உள்ள கீறேனே, என்னையும் சேத்தா? ம்ம்ம்ம்...

— திமிரா? சங்கிலி போட்டு கடல் தாண்டி பத்தாவியாவுக்கு அடிமையா கப்பல் ஏத்திடுவேன், புரியுதா?

— ஏத்து. அங்க போயும் முனகுவேன்.

— முதல்ல வாய மூடு!

— இரு, இரு. அதோ சத்தம் கேக்குது, எங்க கடைசித் தோணியும் கரையேறிடுச்சி. சரி, மூடிட்டேன்.

— அப்பாடா! ஆமா, கப்பித்தான் தோணி எங்க? ஒரே வெள்ளையா இருக்கு, ஒண்ணும் தெரியலியே.

— எப்பிடித் தெரியும்? எங்களுக்கே என் முனகல வெச்சித்தான் வழி. அவுருக்கு மட்டும் தனி வழியா?

— ஐயோ! அந்தப் பக்கம் மணல்மேடு! ஏறினா கவுந்துடும்! முனகுடி!

— மாட்டேன்.

— மருந்து நனைஞ்சா என் தலை போயிடும்!

— போவட்டுமே. இங்க இந்த புத்தர் சாமிக்கும்தான் தலையில்ல. நல்லாத்தான் குந்திகினு கீது.

— அடிப்பாவி! அந்தத் தோணிக்குக் கோல் போடறது யாருன்னு தெரியுமா? உன் புருஷன் தேசப்பன்! காலைல நான்தான் குப்பத்துல புடிச்சு ஏத்தினேன்!

— தெரியும்.

— தெரிஞ்சுமா வாய மூடின?

— "நம்ம தோணிங்க கரையேறினதும் வாய மூடிக்க, மணல்மேட்டுல கவுத்துட்டு நான் நடந்தே வந்துடறேன்"னு சொல்லிட்டுப் போனதே எங்க வூட்டுக்காருதான்.