பெத்தம்மாள் சம்மதிக்காத ஓய்வு

முப்பத்தொரு வருஷம் எங்களோடு வக்கீல் தொழில் நடத்தி, இன்றோடு ஓய்வு பெறுவதாகச் சொல்லிக்கொள்ளும் உயர்திரு. ஜே. செல்லத்துரை அவர்களுக்கு, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வக்கீல்களும் குமாஸ்தாக்களும் சர்வதாரி வருஷம் சித்திரை மாதம், கோடை விடுமுறைக்குக் கோர்ட்டு மூடும் நாளில் வாசித்தளிக்கும் மடல்.

நீதியின் நெடுவழியில் நிழல் தேடாது நடந்த நேர்மையாளரே! கறுப்புக் கோட்டில் கரிசல் புழுதி படிந்தாலும் கருத்தில் ஒரு துளிப் புழுதியும் படியவிடாத மாண்பாளரே! சொன்ன சொல் மாறாதவரும், சொல்லக்கூடாததை உயிர் போனாலும் சொல்லாதவரும், எங்கள் பொறுமையைச் சோதிப்பதற்கென்றே இவ்வூருக்கு வாய்த்தவருமாகிய செம்மலே! வணக்கம்.

இந்த மூன்று வரியை எழுதி முடிப்பதற்குள் தங்களோடு மூன்று நாள் மல்லுக்கு நிற்க வேண்டியதாயிற்று. மாசி மாதம் தாங்கள் ஓய்வு பெறப் போவதாகச் சொன்னவுடன், மடல் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தர வேண்டும் என்று எல்லாரும் முடிவு செய்து, அந்த வேலையைச் செயலாளனாகிய நல்லமுத்துவின், அதாவது இதை வாசிக்கும் அடியேனின், தலையில் கட்டினார்கள். இருபத்திரண்டு வருஷமாகத் தங்களுக்கு எதிர்த்தரப்பிலேயே நின்றவன் நான். ஆகவே தங்களைப் புகழ எனக்குத்தான் தகுதி அதிகம் என்றார்கள். மரியாதைக்காக நகலைத் தங்களிடம் காட்டினேன். தாங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பென்சிலை எடுத்து, "வாதத்தில் வல்லவர்" என்பதை அடித்தீர்கள். "ஏழைகளின் காவலர்" என்பதையும் அடித்தீர்கள். காரணம் கேட்டதற்கு, "வக்கீல் தன்னைத் தானே விளம்பரம் பண்ணிக்கிடக் கூடாது நல்லமுத்து. அடுத்தவுகளை விட்டுப் பண்ணச் சொன்னாலும் அது அதுதான்" என்றீர்கள். கடைசிக் கட்சிக்காரரையும் முறைப்படி இன்னொரு வக்கீலிடம் ஒப்படைத்துத் தொழிலை முற்றாக விட்ட பிறகுதான் இந்த மடலுக்குக் கண்ணாடி போடலாம் என்று நிபந்தனையும் விதித்தீர்கள். அந்த நிபந்தனை எல்லாருக்கும் நினைவிருக்கட்டும். முடிவில் அதற்கு வருகிறேன்.

வக்கீல் தர்மத்தின் வற்றாத ஊற்றே! அந்த ஊற்றை நாங்கள்தான் தோண்டிவிட்டோம், யாரையும் நோவதற்கில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால், வீரசோழனிலிருந்து வரும் கரிவாயு பஸ் நிற்பதற்குள் நம் குமாஸ்தாக்கள் ஓடிப்போய், இறங்கும் கட்சிக்காரரின் கையிலிருந்து பத்திரப் பையைப் பறித்துக்கொண்டு வருவது ஊர் சிரிக்கும் அளவுக்குப் போயிற்று. ஒரு பெரியவருடைய பையை இருவர் இழுத்து, பை ஒருவரிடமும் பெரியவர் இன்னொருவரிடமும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த வெட்கத்தில், வக்கீல் நடத்தை விதிகளை எல்லாரும் கூடிப் படிப்போம், நாலு சனிக்கிழமை போதும் என்று தீர்மானித்தோம். படித்துச் சொல்லும் பொறுப்பைத் தங்களிடம் கொடுத்தோம். அந்த நாலு சனிக்கிழமை நாலரை வருஷம் ஓடியது. வாரத்துக்கு ஒரு விதி. விதி நாலு வரி இருக்கும். அதற்கு உதாரணம் மட்டும் எங்களிலிருந்தே எடுப்பீர்கள். என் பெயர்ப்பலகை அளவுக்கு மீறி இருப்பதாக ஒருநாள் அடிக்கோலோடு வந்து அளந்தீர்கள். தங்கள் பலகையோ எழுத்தே தெரியாமல் வெளிறிக் கிடந்தது. தங்களைத் தேடி வருகிறவர்கள் என் வாசலில் வந்து வழி கேட்டார்கள். வழி சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

காப்பிக் கடையில்கூட நிம்மதி கொடுத்தீர்களா? நம் இருவருக்கும் அன்று எதிரெதிராக வழக்கு இருந்தால், என்னைக் கண்டதும் தம்ளரைத் தூக்கிக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவீர்கள். நாம் சேர்ந்து சிரிப்பதைப் பார்த்தால் கட்சிக்காரருக்கு நம் மேல் சந்தேகம் வரும் என்பீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் நாம் ஒரே பெஞ்சில் காப்பி குடித்த நாட்கள் மிகக் குறைவு. அது எனக்கு வருத்தமாகவே இருந்தது என்பதை இன்று சொல்லிவிடுகிறேன்.

இனிப் பெத்தம்மாள் வழக்கு. கோர்ட்டு வாசலில் எல்லார் கண்முன்னாலும் நடந்ததை மட்டும் சொல்கிறேன், பதற வேண்டாம்.

எம்.ரெட்டியபட்டி பெத்தம்மாளுக்கு அவர் தகப்பனார் கல்யாணத்தின்போது மஞ்சள்காணியாகக் கொடுத்தது நாலு குறுக்கம் கரிசல் நிலம். கணவர் இறந்தபின் கொழுந்தன் மொக்கையன் அதை உழுது பருத்தி போட்டு, நிலம் தன்னுடையது என்றார். பெத்தம்மாளுக்குத் தாங்கள் வக்கீல், மொக்கையனுக்கு நான் வக்கீல். நம் இருவருக்கும் ஒரே குமாஸ்தா, மாரிச்சாமி. இந்த ஊரில் முத்து முத்தாக எழுதும் கை அவர் ஒருவருக்கே இருந்தபடியால், பிராதும் அவர்தான் எழுதினார், அதற்குப் பதிலும் அவர்தான் எழுதினார். இது கூடாது என்று தாங்கள் ஒரு சனிக்கிழமை முழுக்கச் சொன்னீர்கள். வேறு ஆள் கிடைக்கும்வரை பொறுங்கள் என்று நாங்கள் தட்டிக் கழித்தோம். மாரிச்சாமி இரண்டு தரப்புக் காகிதக் கட்டுகளையும் நம் ஊர்த் தறியில் நெய்த ஒரே மாதிரித் துண்டில் கட்டி, ஒரே பெட்டியில் வைத்திருந்தார். ஒருநாள் என் கட்டுக்குச் சொந்தமான ஒரு காகிதம் தங்கள் கட்டுக்குள் போய்விட்டது.

கோர்ட்டு வேப்பமரத்தடியில் பெத்தம்மாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தாங்கள் கட்டை அவிழ்த்தீர்கள். காகிதத்தைக் கையில் எடுத்தவர், இரண்டு நொடியில் அதை மடித்துக்கொண்டு எழுந்தீர்கள். மாரிச்சாமி பதறிப்போய், "ஐயையோ, அது மொக்கையன் நல்லமுத்து ஐயாவுக்குக் குடுத்த காயிதம்ல" என்று வாய்விட்டு உளறினார். தாங்கள் உச்சி வெயிலில் முற்றத்தைக் கடந்து வந்து அதை என் கையில் கொடுத்து, "மேல ரெண்டு வரி கண்ணுல பட்டுருச்சு. மன்னிக்கணும். மிச்சத்தப் படிக்கல" என்றீர்கள். பின்னாலேயே பெத்தம்மாள் வந்தார்.

"ஏன்யா, கைக்கு வந்த காயிதத்தக் கொண்டுபோயி அவுககிட்டயே குடுக்கீகளே. நீங்க எனக்கு வக்கீலா, என் கொழுந்தனுக்கு வக்கீலா?"

"ஒனக்குத்தான் தாயி. அது நமக்கு வந்த காயிதம் இல்ல."

இவ்வளவுதான் தங்கள் பதில். அந்த அம்மாள் அன்று கோர்ட்டு முற்றத்தில் தங்களைப் பேசிய பேச்சை இந்த மடலில் எழுத முடியாது. நாங்களும் நிழலில் நின்றபடியே தங்களைத் திட்டினோம். உண்மையைச் சொன்னால், அதிகம் திட்டியவன் நான். காகிதத்தைத் தாங்கள் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டியவன் நானல்லவா? அதில் என்ன எழுதியிருந்தது என்பதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அடுத்த மாதம் மொக்கையன் வேறு ஊர் வக்கீலிடம் போனதற்குக் காரணத்தையும் சொல்ல மாட்டேன். இதுவரை சொன்னதே அதிகம் என்று முகத்தைச் சுளிக்கிறீர்கள், இங்கிருந்தே தெரிகிறது.

வழக்கு பெத்தம்மாளுக்கு எதிராகத் தீர்ந்தது. அதன்பிறகு இரண்டு வெள்ளாமையிலும் அந்த அம்மாள், தன்னுடையது என்று சொல்லும் அதே நிலத்தில் கூலிக்குப் பருத்தி எடுத்தார். தாங்கள் அப்பீல் போட்டீர்கள். அது மேல்கோர்ட்டில் வாய்தாவுக்கு மேல் வாய்தாவாக நடக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் தாங்கள் பஸ்ஸில் போய் வந்தீர்கள். வேறு வக்கீலைப் பாருங்கள் என்று அந்த அம்மாளிடம் சொன்னவர்கள் எங்களில் பலர். அதற்கு அவர் சொன்ன பதில் தங்கள் காதுக்கு எட்டியிராது. "அடுத்தவன் காயிதத்தயே படிக்காதவுக, என் காயிதத்த எவனுக்குக் காட்டப் போறாக? திட்டுறது என் பாடு, இருக்கிறது இவுககிட்டத்தான்." நாலரை வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமையாகத் தாங்கள் எங்களுக்குப் புரியவைக்கப் பாடுபட்டதை, பள்ளிக்கூடம் போகாத ஒருவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். எனக்கு அன்றைக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

இந்த நிலையில்தான், பெரியீர், கண்ணில் புரை விழுந்தது, எழுத்து தெரியவில்லை என்று தாங்கள் ஓய்வை அறிவித்தீர்கள். போன வாரம் பெத்தம்மாள் தன் வழக்குக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அவுக போறாகளாம். அவுகளுக்கு அடுத்து நல்லாப் பேசுறது நீங்கதான்னு சொல்லுதாக. நீங்க எடுத்துக்கோங்க" என்றார். அந்த நாலு குறுக்கத்துக்காக வாதாட என்னைவிட ஆசையுள்ளவன் இந்த ஜில்லாவில் இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள். ஆனாலும் வாயைத் திறந்தால் தங்கள் குரல்தான் வருகிறது. "ஒரு தடவை எதிர்த்தரப்புக்கு நின்னவன், அதே வழக்குல ஒங்களுக்கு நிக்கக்கூடாது தாயி" என்றேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒருத்தரு போறாரேன்னு வந்தா, அதே மாதிரி இன்னொருத்தரா?"

இருபத்திரண்டு வருஷம் தங்களை எதிர்த்து நின்றதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் இதுதான். வேறு இரண்டு வக்கீல்களைக் காட்டினேன். தலையைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் விசாரித்தேன். எல்லாக் கட்சிக்காரரிடமும் சம்மதம் எழுதி வாங்கி, முறைப்படி ஒப்படைத்துவிடுவதாகத் தாங்கள் எங்களிடம் சொல்லியிருந்தீர்கள். பெத்தம்மாளிடமும் சம்மதத் தாளை நீட்டியிருக்கிறீர்கள். அவர் கட்டைவிரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். வற்புறுத்தக் கூடாது என்று தாங்கள் மைப்பெட்டியை மூடிவிட்டு, வழக்குக் காகிதக் கட்டை மட்டும் அவர் மடியில் வைத்து அனுப்பிவிட்டீர்கள். நான் என் சனிக்கிழமை நோட்டைத் தேடி எடுத்தேன். தாங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதியது: "எடுத்துக்கொண்ட வழக்கைக் கட்சிக்காரர் சம்மதமின்றி நடுவில் கைவிடுவது வக்கீலுக்குத் தகாது." அன்றைக்கு உதாரணமாகத் தாங்கள் நிறுத்தி வைத்தது என்னைத்தான்.

ஆகவே, விதிகளின் விளக்கே, எங்கள் விடாத தலைவலியே, இங்கே கூடியிருக்கும் நாங்கள் அனைவரும் ஒருமனதாகக் கண்டறிந்து அறிவிப்பதாவது: தங்கள் ஓய்வு செல்லாது. ஏனைய வழக்குகளுக்குச் செல்லும், இந்த ஒன்றுக்குச் செல்லாது. கண் தெரியாவிட்டால் குற்றமில்லை. எங்களில் இருவர் முறைபோட்டுத் தங்கள் வீட்டுக்கு வந்து காகிதங்களை வாசித்துக் காட்டுவார்கள், வாய்தா நாளில் பஸ்ஸில் கைபிடித்து ஏற்றிக்கொண்டு போவார்கள். மாரிச்சாமி அந்தத் தெருப்பக்கம் தலைகாட்ட மாட்டார். நானும் வர மாட்டேன். தீர்ப்பு வருகிற அன்றைக்கு மட்டும், நம் இருவருக்கும் நடுவில் வழக்கு ஒன்றும் இல்லாத காரணத்தால், காப்பிக் கடையில் தங்கள் பெஞ்சிலேயே வந்து உட்காருவேன்.

தாங்கள் விதித்த நிபந்தனைப்படி மடலுக்கு இன்று கண்ணாடி இல்லை. வெறும் தாளாகத்தான் தருகிறோம். இதைக் கண்ணாடிக்குள் பார்க்கும் நாள்வரை, அதற்குப் பின்னும் பல்லாண்டு, தங்களுக்கு நல்ல உடலும் தெளிந்த நினைவும் நீங்காத பிடிவாதமும் அருளும்படி, தங்கள் ஆண்டவரையும் எங்கள் தெய்வங்களையும் வேண்டிக்கொள்கிறோம்.

பின்வரிசையிலிருந்து பெத்தம்மாள் எழுந்து வருகிறார். மாலை போட வருகிறார் என்று குனிய வேண்டாம். இரண்டு கைகளையும் நீட்டுங்கள். அவர் கொண்டுவருவது தங்கள் கட்டு.

இங்ஙனம்,
தங்களைத் திட்டியும் தங்கள் வழியிலேயே நடந்து தொலைக்கும்
வக்கீல்களும் குமாஸ்தாக்களும்

அவர்களுக்காக,
நல்லமுத்து, செயலாளர்