தேங்காய்க்குள் இருக்கும் சாப்பாடு

மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன்னால் இருந்த இளம்பெண்ணின் மடியில் முளைவிட்ட தேங்காய் ஒன்று இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் அவள் கேட்ட கேள்வியில் நான் கைபேசியை மூடிவிட்டேன்.

“அக்கா, இதுக்குள்ள இன்னும் எத்தனை நாளைக்குச் சாப்பாடு இருக்கும்?”

“உள்ள இருக்கிற பருப்பைத் திண்டுதான் மூண்டு இலை விட்டிருக்கு. அது முடியிறதுக்கிடையில மண்ணில வைக்கோணும், பிள்ளை.”

“கட்டாரில வேலை செய்யிற என்ர மனுசன், வந்து தான்தான் நடுவனெண்டு சொன்னவர்.”

“எப்ப வாறாராம்?”

“அடுத்த மாசமெண்டு சொன்னவர்.”

“அப்ப பயமில்லை. அதுவரைக்கும் தாங்கும்.”

பஸ் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தது. அவள் இலையைத் தடவியபடி சொன்னாள்:

“அவர் அடுத்த மாசமெண்டு சொல்லேக்க இது முளைக்கவேயில்லை, அக்கா.”