செவலையோடு தனிவழி நடந்த கிறிஸ்துராஜ் ஆசிரியருக்கு

பிரம்பை வளைத்தும் பிறர்க்கு வளையாத பெருந்தகையே! இருளோடு இகலி இம்மியும் அஞ்சாத ஏந்தலே! கண்ணொளி மறுத்த காலத்தைக் காலால் கடந்து காட்டிய காளையே! வில்லாபுரம் விழியிலார் தொழிலகத்தில் இருபத்தொன்பது ஆண்டுகள் பின்னற்கலை பயிற்றுவித்து, 1944ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முப்பத்தோராம் நாளாகிய இன்று பணி நிறைவு காணும் ஆசிரியர் கிறிஸ்துராஜ் அவர்களே, வணக்கம்!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவேன் என்று நேற்றே எச்சரித்துவிட்டீர்கள். தாங்கள் போகக்கூடியவர்தான். ஆதலால் தாங்கள் இம்மன்றத்தில் இல்லாததுபோல் பாவித்து, வந்திருக்கும் பெரியோர்களிடம் தங்கள் கதையைச் சொல்கிறோம். தாங்கள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

பெரியோர்களே! கிறிஸ்துராஜ் ஒன்பது வயதில் பெரியம்மை கண்டு பார்வை இழந்தவர். இருபத்தாறாம் வயதில் நாற்காலி பின்னக் கற்க இங்கே வந்தவர், இரண்டே ஆண்டுகளில் கற்றுக்கொடுப்பவர் ஆனார். மதுரைக் கோர்ட்டுக் கச்சேரிகளில் கனவான்கள் சாய்ந்து உட்காரும் நாற்காலிகளில் பாதி அவருடைய மாணவர்கள் கைபட்டவை. ஆனால் அந்த நாற்காலிகள் போகும் தெருவுக்கு அவர் போக முடியாது. துணையாள் இல்லாமல் விழியிலார் எவரும் வாசல் தாண்டக் கூடாது என்பது அந்நாளைய விதி. வேலையாள் பேயாண்டிக்கு நேரம் ஒழிந்தால்தான் ஆசிரியருக்குக் கோயில் பூசை. பேயாண்டிக்குக் காய்ச்சல் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் கட்டில்தான்.

1931இல் ஒருநாள் எங்கள் எழுத்தர் ராயப்பன் ஒரு பத்திரிகையை வாசித்துக் காட்டினார். சண்டையில் கண்ணிழந்த சிப்பாய்களை ஜெர்மனி தேசத்தில் நாய்கள் வழிநடத்திச் செல்வதாக அதில் ஒரு சேதி. கிறிஸ்துராஜ் அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மறுவாரமே பேயாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மேற்கேயிருந்து ஆடு ஓட்டிவந்து அவனியாபுரம் கண்மாய்க்கு அப்பால் கிடை போட்டிருந்த நல்லகாமனிடம் போய் நின்றார்.

"வாத்தியாரய்யா, எங்க நாய் நரி வந்தா மறிக்கும், களவாணி வந்தா கடிக்கும். மனுசனுக்கு வழிகாட்ட எங்கிட்டுப் பழகும்?" என்றார் நல்லகாமன்.

"ஆடு கிணத்தோரம் போனா என்ன செய்யும்?"

"குறுக்க விழுந்து தள்ளிக் கொண்டாந்துரும்."

"அம்புட்டுத்தான் வேணும். என்னையும் ஒரு ஆடுன்னு அது நினைச்சுக்கிடட்டும்."

நல்லகாமன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தவர், எட்டு மாதப் பெட்டை ஒன்றை, செம்மண் நிறத்தது, தூக்கி அவர் கையில் வைத்தார். "செவலைன்னு கூப்பிடுங்க, வரும். அடிச்சு மட்டும் பழக்காதீக."

தோல்வாரும் பிரம்பு வளையமுமாகத் தம் கையாலேயே ஒரு பிடி செய்து செவலையின் முதுகில் பூட்டினார் ஆசிரியர். பதினான்கு மாதம் பழக்கினார். சாக்கடையில் விழுந்தார். வண்டிச் சக்கரத்தில் இடித்துக்கொண்டார். தாழ்ந்த கிளை நெற்றியில் மோதினால் அங்கேயே நிற்பார்; கிளையைத் தடியால் தட்டி, "ஏய், இது உனக்கில்ல, எனக்கு!" என்பார். தன் தலைக்கு மேலே இன்னொரு தலை வருகிறது என்பதை அந்த வாயில்லாச் சீவன் அப்படித்தான் கற்றுக்கொண்டது. நெற்றி இடிபட்டு 'டொக்'கென்று சத்தம் கேட்டால் பின்னற்கூடம் முழுவதும் சிரிக்கும். அடுத்த ஆண்டு அந்தச் சத்தமே கேட்கவில்லை.

1933இல் புதிய மேலாளர் ஒருவர் வந்தார். அவர் பெயரை இம்மடலில் பொறிக்க நாங்கள் மறுக்கிறோம். ஆசிரியர் நாயோடு தனியே தெருமுனைவரை போய்வருகிறார் என்று கேள்விப்பட்டதும் கூப்பிட்டனுப்பினார். "நாயா, வேலையா? இன்றைக்கே முடிவு சொல்லும்."

கிறிஸ்துராஜ் உட்காரவில்லை. "நாளைக்குத் திருப்பரங்குன்றம் ஸ்டேஷன்ல நமக்குப் பிரம்புக்கட்டு வந்து இறங்குது. பேயாண்டியோட பலதடவை நடந்த வழிதான். நானும் செவலையும் போய்க் கொண்டாரோம். ஒருத்தர் கையும் என்மேல படக்கூடாது, ஒருத்தரும் வழி சொல்லக்கூடாது. வந்துட்டா நாய் இருக்கும். இல்லைன்னா நானும் இல்லை, நாயும் இல்லை."

மேலாளர் ஒப்புக்கொண்டார். பின்னாலேயே சைக்கிளில் போய்ப் பார்த்து வரும்படி ராயப்பனை ஏவினார். "வாயைத் திறந்தீரோ, உமக்கும் சீட்டுக் கிழியும்" என்றும் சொன்னார். ராயப்பன் வீட்டில் அன்றைக்கு அவர் சம்பளத்தை நம்பி ஏழு வயிறுகள்.

ஐப்பசி மழை விட்டிருந்த காலைப்பொழுது. வண்டித்தடமெல்லாம் சேறு. இருவரும் கிளம்பினார்கள். எதிரே வந்த வண்டிக்காரர், "வாத்தியாரே, நீரு நாயை மேய்க்கிறீரா, நாய் உம்மை மேய்க்குதா?" என்று கத்தினார். "முறை வச்சுக்கிட்டு மேய்க்கிறோம்ப்பா!" என்று சொல்லிவிட்டு நடந்தார் ஆசிரியர்.

பாதி வழியில் ஒரு வாய்க்கால் பாலம். முதல்நாள் வெள்ளத்தில் அதன் நடுப்பகுதி இடிந்து போயிருந்தது. செவலை நின்றது. "போ" என்றார். போகவில்லை. வளையத்தை உலுக்கினார். அது உட்கார்ந்துவிட்டது. தூரத்து வயலில் நின்றவர்கள் சிரிப்பது அவர் காதில் விழுந்தது. பாதி வழியில் தோற்றுப்போகிறோமே என்று நெஞ்சு கொதித்தது. பழக்கிய நாளிலிருந்து ஓங்காத தடியை அன்று ஓங்கினார். பத்தடி பின்னால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ராயப்பன் எல்லாவற்றையும் பார்த்தார். உடைந்த செங்கல்லைப் பார்த்தார். கீழே சுழித்து ஓடிய ஆளுயரத் தண்ணீரைப் பார்த்தார். வாயைத் திறந்தார். ஏழு வயிறுகளை நினைத்தார். மூடிக்கொண்டார்.

கிறிஸ்துராஜ் நாயைச் சுற்றிக்கொண்டு காலெடுத்து வைத்தார். செவலை பாய்ந்து அவருடைய முழங்காலில் குறுக்கே விழுந்தது, உடம்பால் தள்ளியது, அவரைப் பார்த்து முதன்முறையாக உறுமியது.

"என்னையவா உறுமுற?"

கேட்ட மாத்திரத்தில் அவருக்கு ஏதோ உறைத்தது. தடியைக் கீழே போட்டார். மண்டியிட்டுக் கையால் தடவிக்கொண்டே முன்னே போனார். மண். செங்கல். அதற்கப்பால் ஒன்றுமில்லை. விரல் நுனியில் தண்ணீரின் குளிர்ச்சி மட்டும் ஏறிவந்தது. அங்கேயே உட்கார்ந்து செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அதன் காதோரம் சொன்னார்: "நல்லவேளை, நான் சொன்னதைக் கேக்கல நீ."

பிறகு எழுந்து, "வேற வழி பாரு" என்றார். செவலை கரையோரமாகவே அரை மைல் கூட்டிப்போய், வண்டிகள் போகும் மேட்டுப்பாலத்தில் அவரைக் கடத்திவிட்டது. பிற்பகல் மூன்று மணிக்குத் தோளில் பிரம்புக்கட்டோடு அவர் நம் வாசலில் வந்து நின்றார்.

மேலாளர் நம்பவில்லை. "ராயப்பன் வழி சொல்லியிருப்பார்" என்றார்.

ராயப்பன் எல்லார் முன்னாலும் பேசினார். "நான் வாயே திறக்கலைங்க. ஆள் முங்குற தண்ணிக்குள்ள ஒரு மனுசன் காலை வைக்கப் போறதைப் பார்த்துக்கிட்டு, வேலை போயிருமேன்னு நின்னேன். நாய் தடுத்துச்சு, நான் தடுக்கல. இனிமே உங்க உத்தரவுக்காக இந்த வாயை மூடுறதா இல்லை."

பின்னால் ஆள் நின்றது அப்போதுதான் கிறிஸ்துராஜுக்குத் தெரியும். முகம் கல்லாய்ப் போனது. ராயப்பனின் குரல் வந்த பக்கம் திரும்பினார். பின்பு, "அங்க பேசியிருக்கணும் ராயப்பா. சரி, இங்கயாச்சும் பேசினீரே" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை. இம்மடலை எழுதும் ராயப்பனும் அதைக் கேட்டதில்லை.

மறுநாள் ராயப்பனை நீக்கி உத்தரவு வந்தது. அதைக் கேட்டதும் கிறிஸ்துராஜ் கையிலிருந்த பிரம்பைக் கீழே வைத்தார். பின்னற்கூடத்தில் பதினான்கு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். கச்சேரிக்குப் போகவேண்டிய அறுபது நாற்காலிகள் ஒன்பது நாள் வெறும் சட்டமாகவே கிடந்தன. பத்தாம் நாள் நிர்வாகக் குழுவார் வந்து விசாரித்தார்கள். மேலாளர் போனார், ராயப்பன் வந்தார், துணையாள் விதி ஒரே மைக்கோட்டில் அடிபட்டது. நாயை வாசலுக்கு வெளியே கட்டிவைக்கலாம் என்றார்கள். "நான் எங்கயோ அது அங்க" என்றார் கிறிஸ்துராஜ். அதற்கும் இணங்கினார்கள்.

அதன்பின் அவர் ஐந்து நாய்களைப் பழக்கினார். இரண்டு தேறவில்லை. ஒன்று ஆட்டுக்கிடைக்கே ஓடிப்போயிற்று. ஒன்று, கண் தெரியாமல் பெட்டி முடையும் இருளாயியோடு நாள்தோறும் சந்தைக்குப் போய்வருகிறது. மற்றொன்று இதோ, அவர் நாற்காலிக்கு அடியில் படுத்திருக்கிறது. செவலை போன ஆண்டு முதுமையால் இறந்தது. அவர் மாணவர்களுக்குச் சொன்னது இது: "சொன்னதைக் கேக்குற நாய் தெருவுக்குத் தெரு கிடைக்கும். கேக்கக்கூடாததைக் கேக்காத நாயைப் பழக்குங்க. நீங்களும் அப்படிப் பழகுங்க."

ஆசிரியரே! அழகர்கோவில் போகும் பஸ்ஸில் இருளாயியை நாயோடு ஏற்ற மறுத்து மூன்று முறை இறக்கிவிட்டார்களாம். நாளைக் காலை அதே பஸ்ஸில் அவரோடு தாங்களும் ஏறப்போவதாகக் கேள்விப்பட்டோம். ஆகவே ஓய்வெடுங்கள் என்று வாழ்த்த எங்களுக்கு நா எழவில்லை. காலுக்கு வலுவும், குரலுக்கு உரமும், வாழ்நாளுக்கு நீளமும் ஆண்டவர் அருள்க! தாங்கள் இறங்க மறுக்கும் ஒவ்வொரு படியிலும் எங்களுக்கும் இடம் கிடைப்பதாக! நாங்கள் பதினெட்டுப் பேர் வருகிறோம்.

பாராட்டு மடலைச் சட்டமிட்டுத் தங்களிடம் அளிப்பது மரபு. தங்களுக்கு அது வெறும் கண்ணாடி. எனவே இதை மேலாளர் அறையில், நாற்காலிக்கு நேர் எதிர்ச் சுவரில், இனி அங்கு அமரப்போகும் ஒவ்வொருவரும் தலைநிமிர்ந்தால் படிக்கும் உயரத்தில் ஆணி அடித்து மாட்டுகிறோம். அதைக் கழற்ற எவரும் வந்தால், கையை மடியில் வைத்துக்கொள்ள எங்களுக்குத் தெரியும்.

இங்ஙனம்,
எழுத்தர் ராயப்பன் கையொப்பத்தாலும்,
பின்னற்கூடத்தார் பதினால்வர் பெருவிரல் பதிவாலும்,
பணியாளர் மூவர் கீறலாலும் உறுதி செய்யும்
வில்லாபுரம் விழியிலார் தொழிலகத்தார்.